இரு தரப்புக்கும் பொதுவாக நட்ட தடி

இரண்டு அமைப்புகளையும் ஒரே மேசையில் இருத்த எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. இதைப் பேச்சுக்குச் சொல்லவில்லை. முதல் கூட்டத்துக்கு நான் போட்டது நீள மேசை. அதன் தலைமாட்டில் யார் இருப்பது என்பதில் முறுகல் வந்து, இரண்டு பக்கத்தாரும் சுவரோரக் கதிரைகளில் இருந்துகொண்டு எனக்கு மட்டும் பதில் சொன்னார்கள். அடுத்த கூட்டத்துக்குக் கலியாண மண்டபம் ஒன்றிலிருந்து வட்ட மேசை வாடகைக்கு எடுத்தேன். அதற்குப் பிறகு கூட்டங்கள் நடந்தன.

ஒன்று பறவைகளுக்கான அமைப்பு. யாழ்ப்பாணத்திலேயே தொடங்கியது. ஓய்வுபெற்ற வைத்தியர்கள், விரிவுரையாளர்கள் என்று பெரிய மனிதர்கள் நிறைந்தது. விடிய வெள்ளன நீரேரிக் கரையில் நின்று பூநாரைகளை எண்ணுவார்கள். எண்ணிக்கையில் ஒன்று பிசகினாலும் ஒருவரோடு ஒருவர் ஒரு கிழமை கதைக்கமாட்டார்கள். மற்றது கடலுக்கான அமைப்பு. தலைமையகம் கொழும்பில். சொந்த வள்ளம், நீருக்கடியில் படம் பிடிக்கும் கமரா, ஒரே நிறத்தில் ரீசேட் போட்ட இளம் அலுவலர்கள் எல்லாம் அவர்களிடம் இருந்தன.

பகை எப்படி வந்தது என்றால், கடல் அமைப்பு ஒரு சேற்றுத் திடலில் கண்டல் கன்றுகளை நட்டது. அது பறவைகள் இரை பொறுக்கும் திடல். மரம் வளர்ந்தால் பறவை வராது. பறவை அமைப்பின் மூத்தவர்கள் ஒரு நாள் காலை காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கி, அத்தனை கன்றையும் பிடுங்கிக் கரையில் அடுக்கி வைத்துவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு அமைப்பும் கீரியும் பாம்பும்தான். இயற்கையைக் காப்பாற்றுகிறவர்கள் மற்றவர்களை விடப் பொறுமைசாலிகள் என்று வெளியில் ஒரு நினைப்பு உண்டு. நான் உள்ளே இருந்து பார்த்ததில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

பிறகு, பணம் தருகிற வெளிநாட்டுக்காரர்கள், நீரேரியில் வேலை செய்கிற அமைப்புகள் இணைந்து விண்ணப்பித்தால்தான் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். பகை அன்றோடு கொஞ்சம் இளகியது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு இணைப்பாளர் தேவைப்பட்டது. நான் கொக்குவிலில் இருக்கிறேன். விஞ்ஞான ஆசிரியையாக இருந்து இளைப்பாறியவள். பறவையும் தெரியாது, கடலும் தெரியாது. அதுவே தகுதியாகப் போயிற்று.

என் வேலையை நான் நன்றாகத்தான் செய்தேன். பதாகையில் இரண்டு இலச்சினைகளும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று அடிமட்டம் வைத்து அளந்தேன். கூட்டத்துக்கு மாறி மாறித் தலைமை. கூட்டறிக்கை எழுதும்போது ஒருவரும் முகம் கோணாதபடி பூசி மெழுகுவேன். எல்லாவற்றையும் விட, புரிந்துணர்வு உடன்படிக்கையில் ஒரு விதியை நானே எழுதிச் சேர்த்தேன்: நீரேரியில் ஒரு தரப்பு நட்ட எதையும், இரு தரப்பினதும் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் யாரும் பிடுங்கக்கூடாது. கண்டல் கன்றுகளை மனதில் வைத்து எழுதிய விதி. அதை வாசித்துவிட்டு இரண்டு பக்கமும் தலையாட்டியபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

முதல் கூட்டு வேலை கடற்புல்லைக் கண்காணிப்பது. நீரேரியின் அடியில் புல் இருந்தால் இறாலும் மீனும் தங்கும், அதனால் பறவையும் வரும், ஆகவே இரண்டு அமைப்பும் அதில் ஒத்துப்போயின. குருநகரைத் தாண்டி இருக்கிற ஒரு சிறிய கரையைத் தெரிவு செய்தோம். அந்தக் கரையின் பெயர் இங்கே வேண்டாம். அங்குள்ள கடற்றொழிலாளர் சங்கமும் எங்களோடு கையெழுத்திட்டது. கையெழுத்திட்ட அன்று சங்கத்தார் எனக்கும் இரண்டு அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும் மாலை போட்டு, கௌரவ உறுப்பினர்கள் என்று புத்தகத்தில் பெயர் எழுதினார்கள். பிளேன்ரீயும் பற்றீசும் தந்தார்கள். கௌரவம் என்றால் படம் எடுப்பதற்கு என்றுதான் நான் நினைத்தேன்.

அதற்கடுத்த கூட்டத்தில் வேலைகளைப் பங்கிட்டோம். நீரில் தடிகளை நட்டுச் சிவப்புத் துணி கட்டி ஒரு சதுரம் அடைக்க வேண்டும், அதற்குள் இருக்கும் புல்லை மாதாமாதம் அளக்க வேண்டும். தடி வாங்குவது கடல் அமைப்பு. இடம் பார்ப்பது பறவை அமைப்பு. தடி நடப்போகிறோம் என்று சங்கத்துக்குச் சொல்வது யார் என்ற கேள்வி வந்தது. ஒருவர் சொன்னால் மற்றவருக்குக் குறை. நான் கூட்டறிக்கையில் பொறுப்பு என்ற நிரலில் "இரு தரப்பும்" என்று எழுதினேன். எல்லோருக்கும் திருப்தி. இரு தரப்பும் என்றால் ஒருவரும் சொல்லப்போவதில்லை என்பது, முப்பது வருடம் பாடசாலைக் கூட்டங்களில் இருந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தடி நட்ட நாள், தென்மேற்கிலிருந்து வருகிற சோளகக் காற்று ஓங்கி அடித்த நாட்களில் ஒன்று. வள்ளத்தைக் கடல் அமைப்பு தந்தது. ஓட்டுவதற்கு அந்தக் கரை ஆட்களில் ஒருவரைப் பிடித்தால் மற்றவர்களுக்குக் கோபம் வரும் என்று, தொண்டைமானாற்றிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தேன். நடுநிலை எனக்கு அப்படி ஊறிப்போயிருந்தது. அவர் கெட்டிக்காரர், ஆனால் அந்தக் கரையின் வழக்கம் எதுவும் அறியாதவர். பறவை அமைப்பின் பொறுப்பாளரான வைத்தியர் கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். இடுப்பளவு தண்ணீர், அடியில் நல்ல புல், சுற்றிவர வெறுங்கடல். ஒருவருக்கும் தொந்தரவு இல்லாத இடம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

முதல் தடியை யார் நடுவது என்பதில் இன்னொரு சங்கடம். இந்த முறை சண்டை இல்லை, மரியாதை.

"நீங்கள் நடுங்கோ தம்பி, தடி உங்கடை," என்றார் வைத்தியர்.

கொழும்பிலிருந்து வந்த அலுவலர், இடம் பார்த்தது நீங்கள், நீங்களே நடுங்கள் என்றார். இப்படியே இருவரும் தடியைக் கைமாற்றிக்கொண்டு நின்றார்கள். வள்ளம் காற்றில் ஆடியது. கடைசியில் வைத்தியர் என்னைப் பார்த்தார்.

"மிஸ் நடட்டும். அவதானே ரெண்டு பேருக்கும் பொது."

நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி முதல் தடியை நட்டேன். தொண்டைமானாற்றுக்காரர் பிடித்துக்கொள்ள, மரச் சுத்தியலால் நாலு அடி அடித்தேன். எனக்குப் பின்னால் இருவரும் நின்று சிரித்தார்கள். அந்தப் படத்தை இரண்டு அமைப்பும் அன்று பின்னேரமே ஒரே நேரத்தில் பேஸ்புக்கில் போட்டன. அதுவும் உடன்படிக்கையில் இருந்தது.

மூன்று கிழமைக்குப் பிறகு ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். அலுவலகம் என்பது நகரத்தில் ஒரு வீட்டின் முன்னறை. வாசலில் அவருடைய கணவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார், உள்ளே வரவில்லை. அம்மா என்று எழுதுகிறேனே தவிர என்னை விட இரண்டு மூன்று வயது குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் நான் அக்கா என்றேன், அவர் என்னை மிஸ் என்றார். கதிரையை இழுத்து என் மேசைக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார். கைத்தொலைபேசியை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினார்.

"உது எங்கடை இடம் மிஸ்."

நான் முதலில் சிரித்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். கடலில் இடமா என்று நினைத்துச் சிரித்தேன். அவர் கோபிக்கவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஆறுதலாகச் சொன்னார்.

அந்தக் கரையில் சிறகுவலைத் தொழில். தண்ணீருக்குள் தடிகளை வரிசையாக நட்டு வலை கட்டினால், வலையோரமாகப் போகிற இறால் கடைசியில் ஒரு கூட்டுக்குள் போய் விழும். எந்தக் குடும்பம் எங்கே தடி நடுவது என்பது சங்கப் புத்தகத்தில் இருக்கிறது. சோளகம் ஓங்கும்போது தடிகளைப் பிடுங்கிக் கரைக்குக் கொண்டுவந்து திருத்துவார்கள். நாங்கள் வெறுங்கடலாகக் கண்டது அதைத்தான். அந்தக் கரையின் கத்தோலிக்கக் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறுவதற்கு முன் எல்லோரும் திரும்ப நட்டுவிட வேண்டும். கொடியேற்றத்தன்று மத்தியானம் சங்க நிருவாகம் வள்ளத்தில் சுற்றிவந்து, எந்த இடத்தில் யாருடைய தடி நிற்கிறது என்று பார்த்து எழுதும். அங்கே முதல் தடியை நட்டவர்தான் இடத்துக்காரர். எழுதினால் எழுதியதுதான், பிறகு இடத்துக்காரர் சொல்லி வேறு ஆள் தடி நட்டாலும் பெயர் மாறாது. ஒன்றும் நடாமல் கிடக்கிற இடம் சீட்டுக் குலுக்கலுக்குப் போகும். இடம் கிடைக்காத இளம் குடும்பங்கள் பல வருடமாக அந்தக் குலுக்கலுக்குக் காத்திருந்தன.

"அப்பான்ரை இடம். எனக்குச் சீதனமாத் தந்தது," என்றார். "வீட்டுக் காணி ரெண்டு பரப்பு. மற்றச் சொத்து உதுதான். மூத்தவளுக்குக் குடுக்கிறதெண்டு கதைச்சு முடிச்சிருக்கிறம்."

"அப்ப எங்கடை தடியைப் பிடுங்கிப்போட்டு நடுங்கோவன் அக்கா. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

அவர் வாசலில் நின்ற கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"மற்றவை நட்ட தடியிலை கை வைக்கிறேல்லை மிஸ். முந்தி அதிலை பெரிய அடிபாடெல்லாம் நடந்தது. நட்ட ஆள்தான் பிடுங்க வேணும். நீங்கள் ஒருக்கா வந்து பிடுங்கினால் போதும். வள்ளம் நாங்கள் கொண்டாறம்."

"அது ஆராய்ச்சிக்கு நட்டது எண்டு சங்கத்துக்குச் சொல்லலாமே?"

"எனக்கு விளங்குது. சங்கம் தடியைத்தான் பாக்கும்."

அன்றைக்கே அவர்களுடைய வள்ளத்தில் ஏறியிருந்தால் அரை மணித்தியாலத்தில் முடிந்திருக்கும். நான் ஏறவில்லை. விதி இருந்தது, நானே எழுதிய விதி. இரு தரப்பினதும் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் யாரும் பிடுங்கக்கூடாது. கொடியேற்றத்துக்கு இன்னும் ஒரு மாதம் கிடந்தது. ஒரு மாதத்தில் இரண்டு கடிதம் வாங்குவது பெரிய காரியம் இல்லை என்று அக்காவிடம் சொன்னேன். அவர் சரி என்று எழுந்து கதிரையைத் திரும்பப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு அமைப்புக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு அமைப்பும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் எனக்கு வேறு வழி தெரிந்திருக்கும். கடல் அமைப்பு, இடம் தெரிவு செய்தது பறவை அமைப்பு என்பதால் முதலில் அவர்கள் எழுதுவதுதான் மரியாதை என்று எழுதியது. பறவை அமைப்பு, தடிகள் கடல் அமைப்பின் சொத்து, அவர்கள் எழுதாமல் நாங்கள் எழுதினால் பழையபடி பிடுங்குகிற கூட்டம் என்று பெயர் வரும் என்றது. பிறகு வைத்தியர் மகளைப் பார்க்கக் கனடா போய்விட்டார். அவர் வராமல் மற்றவர்கள் ஒப்பமிடமாட்டார்கள். கொழும்பில் ஓர் அதிகாரி மாறினார். புதியவர் பழைய கூட்டறிக்கைகள் எல்லாவற்றையும் கேட்டார். நான் அனுப்பினேன். எல்லோரும் எல்லோருக்கும் நன்றி சொல்லி எழுதினார்கள். அவ்வளவு மரியாதையான கடிதங்களை நான் என் உத்தியோக காலத்தில் கண்டதில்லை.

கிழமைக்கு ஒரு தடவை அக்கா தொலைபேசி எடுப்பார். "மிஸ், என்ன மாதிரி?" என்பார். "வந்துகொண்டிருக்குது அக்கா," என்பேன். கொடியேற்றத்துக்கு எத்தனை நாள் கிடக்கிறது என்பதைக் கடைசியில் சொல்லி வைப்பார். ஒரு நாளும் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம்.

வைத்தியர் கனடாவிலிருந்து திரும்பிய பிறகு, கடைசியில் சம்மதம் வந்தது. இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. ஒரு தரப்பு மட்டும் பிடுங்கியது என்று ஆகாமல் இரு தரப்பும் சேர்ந்து பிடுங்குவது, கரையிலிருந்து தள்ளி வேறோர் இடத்தில் நடுவது, அதற்கு இரு பக்கத்து ஆட்களும் வரக்கூடிய நாள் சனிக்கிழமை. கொடியேற்றம் வெள்ளிக்கிழமை.

நான் சங்கத் தலைவருக்கு எடுத்தேன். அறுபது வயது தாண்டிய, சுருக்கமாகக் கதைக்கிற மனிதர்.

"அண்ணை, ஒரு நாள்தான் பிந்துது. அந்த ஒரு இடத்தை மட்டும் சனிக்கிழமை பின்னேரம் எழுதுங்கோவன்."

"அப்ப பாதரிட்டைக் கேக்கட்டே பிள்ளை, கொடியைச் சனிக்கிழமை ஏத்தச் சொல்லி?"

"பகிடி விடாதேங்கோ அண்ணை."

"நான் பகிடி விடேல்லை. ஒரு ஆளுக்கு ஒரு நாள் குடுத்தால் மற்றவன் ரெண்டு நாள் கேப்பான். உங்களுக்கு விளங்கும்தானே, நீங்களும் சட்டம் எழுதிற ஆள்."

வியாழக்கிழமை காலை ஸ்கூட்டியின் திறப்பை எடுத்துக்கொண்டு முற்றம் வரைக்கும் வந்தேன். போனால் அக்காவின் கணவர் வள்ளத்தோடு நிற்பார். பிடுங்கலாம். சனிக்கிழமை இரு தரப்பும் வந்து பார்க்கும்போது தடி இருக்காது. விதியை எழுதியவளே விதியை மீறினாள் என்று ஆகும். ஒரு வருடமாகக் கட்டிய கூட்டு, இலச்சினை, வட்ட மேசை எல்லாம் குலையும். அன்று எனக்கு நானே சொன்ன காரணம் அது. உண்மையான காரணம், குலைத்தவள் என்ற பெயர் எனக்கு வரக்கூடாது என்பதுதான். இரண்டு பக்கமும் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. திறப்பைக் கொண்டுபோய் ஆணியில் கொழுவிவிட்டுச் சோறு ஆக்கப் போனேன். போயிருந்தாலும் கூட்டுக் குலைந்திருக்காது என்று இப்போது தெரிகிறது. நாலு மரியாதையான கடிதம் எழுதியிருப்பார்கள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை இரு தரப்பும் வந்தார்கள். ஆளுக்கொரு தடியாகப் பிடுங்கினார்கள். முதல் தடியை எனக்கு விட்டு வைத்திருந்தார்கள். சேறு இறுக்கிப் பிடித்திருந்தது, ஆட்டி ஆட்டி எடுத்தேன். படம் எடுத்தார்கள். கரைக்கு வந்தபோது சங்கத் தலைவரும் ஒரு பதினைந்து இருபது ஆட்களும் நின்றார்கள். அக்காவும் கணவரும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். கோயிலில் கொடி பறந்துகொண்டிருந்தது.

"இனி அவை தங்கடை தடியை நடலாம்தானே அண்ணை?" என்றேன்.

"நடலாம். நீங்கள் விட்டால்."

எனக்கு விளங்கவில்லை. தலைவர் புத்தகத்தைக் கொண்டுவரச் செய்து பக்கத்தைக் காட்டினார். அக்காவின் பெயரை வெட்டிவிட்டு என் பெயர் எழுதியிருந்தது.

"நேற்று நிண்டது உங்கடை தடி. முதல் தடி ஆர் நட்டது எண்டதுக்குப் படம் பேஸ்புக்கிலை கிடக்கு. நீங்கள் சங்கத்திலை உறுப்பினர். நாங்கள் வேறை என்ன எழுதிறது?"

"நான் தொழில் செய்யிற ஆள் இல்லையே அண்ணை."

"தொழில் செய்யிற ஆள் எண்டு புத்தகத்திலை இல்லை. தடி நட்ட ஆள் எண்டுதான் இருக்கு."

வைத்தியரும் கொழும்பு அலுவலரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் வள்ளத்தைத் துடைக்கிறவர்கள் மாதிரி அங்கால் போனார்கள்.

"அப்ப நான் விடுறன். எனக்கு வேண்டாம். அவையின்ரை பேரை எழுதுங்கோ," என்றேன்.

"விட்டிடாதேங்கோ மிஸ்." அக்காதான் சொன்னார். அதுவரையில் இருந்த இடத்தைவிட்டு நாலடி முன்னால் வந்திருந்தார். "விட்டால் எனக்கு வராது. சீட்டுக்குப் போயிடும். உதிலை நிக்கிற அத்தனை பேரும் சீட்டு எழுதிப் போடுவினம்."

உதில் நின்றவர்கள் மறுக்கவில்லை. இடம் இல்லாத குடும்பங்கள் அவை. அவர்களில் ஒருவரையும் நான் குறை சொல்லமாட்டேன்.

"நீங்கள் வைச்சிருங்கோ," என்று அக்கா தொடர்ந்தார். "இடத்துக்காரர் ஓமெண்டால் வேறை ஆக்கள் தொழில் செய்யலாம். இந்த வருசம் நாங்கள் அதிலை தடி நடலாமோ மிஸ்?"

"அது உங்கடை இடம் அக்கா. என்னை ஏன் கேக்கிறியள்?"

"இப்ப இல்லை. ஓமெண்டு சொல்லுங்கோ. ஆக்கள் கேக்கச் சொல்ல வேணும்."

"ஓம்," என்றேன்.

"கொஞ்சம் பலத்து," என்றார் தலைவர்.

திரும்பவும் சொன்னேன். ஒருவர் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். அக்காவின் கணவர் தலையைக் குனிந்துகொண்டு தடி அடுக்கியிருந்த பக்கம் நடந்தார். அப்படி வெட்கப்பட்டு நான் ஒரு நாளும் நின்றதில்லை.

கூட்டு நன்றாகவே நடக்கிறது. வருட முடிவில் எழுதிய அறிக்கையில், சமூகத்துடன் எழுந்த ஒரு சிறு பிரச்சினை இரு தரப்பினதும் ஒத்துழைப்புடன் சுமுகமாகத் தீர்க்கப்பட்டது என்று ஒரு வரி இருக்கிறது. எழுதியது நான்தான். பணம் தருகிறவர்கள் இன்னொரு கட்டத்துக்குச் சம்மதித்தார்கள். இணைப்பாளர் ஒருவருக்குச் சிறகுவலை இடம் சொந்தமாக இருப்பது நலன் முரண்பாடாகாதா என்று விளக்கம் கேட்டு எனக்கு ஒரு கடிதமும் வந்தது. இரண்டு அமைப்பும் சேர்ந்து, ஒரே கடிதத்தில், ஒருவருக்கொருவர் காத்திராமல் கையெழுத்திட்டிருந்தன. அவ்வளவு விரைவாக அவர்கள் வேறெதிலும் ஒத்துப்போகவில்லை. என் விளக்கத்தை அடுத்த கூட்டத்தில் ஏற்றுக்கொண்டார்கள்.

மாரி தொடங்கி இறால் பட ஆரம்பித்த பிறகு ஒரு நாள் பின்னேரம் அக்கா கொக்குவிலுக்கு வந்தார். வீட்டை எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. இரண்டு பஸ் மாறி, புகையிரதக் கடவையில் இறங்கி, கேட்டுக் கேட்டு வந்திருக்க வேண்டும். படலையில் நின்று கூப்பிட்டார். உள்ளே வரச் சொன்னேன்.

"இல்லை மிஸ், இதிலை நிண்டு கதைக்கிறன்."

என் அலுவலகத்தில் கதிரையை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் இருந்தவர் இவர். எவ்வளவு சொல்லியும் படலையைத் தாண்டவில்லை. ஒரு பையை நீட்டினார். உள்ளே இறால், நல்ல பெரியது, மேலே ஈரச் சாக்குத் துண்டு போட்டு மூடியிருந்தது.

"இது என்னத்துக்கு அக்கா?"

"முதல் பட்ட இறாலிலை இடத்துக்காரருக்கு ஒரு பங்கு. வழக்கம்."

"எனக்கு வேண்டாம். வீட்டிலை பிள்ளையளுக்குச் சமையுங்கோ."

"வாங்காட்டி ஓமெண்டதைத் திருப்பி எடுத்தது மாதிரி மிஸ்."

வாங்கினேன். அவர் உடனே போகவில்லை. கைப்பைக்குள்ளிருந்து மடித்த கடுதாசி ஒன்றை எடுத்தார்.

"மூத்தவளின்ரை கலியாணம் தை மாதம். அதுதான் வந்தனான். இடம் இடத்துக்காரரின்ரை பிள்ளையளுக்குத்தான் போகுமாம். உங்களுக்குப் பேந்து உங்கடை மகனுக்கு."

என் மகன் மெல்பேணில் இருக்கிறான். கணினி வேலை. கடலில் இறங்கினால் கால் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து வைக்கிறவன். இந்த இடத்தைப் பற்றி நான் அவனிடம் சொல்லக்கூட இல்லை.

"அவர் வரப்போறேல்லை எண்டு தெரியும்," என்றார் அக்கா. "எண்டாலும் மாப்பிள்ளை வீட்டார் கேக்கினம். எழுத்திலை ஒண்டு இருந்தால் நல்லதெண்டு. கோயில் செயலாளரைக் கொண்டு எழுதினனான். நீங்கள் வாசிச்சுப் பாத்து, பிழை இருந்தால் திருத்தித் தாங்கோ. நீங்கள் படிச்ச ஆள்."

வாசித்தேன். எனக்குச் சொந்தமான இன்ன இடத்தில் இன்னாருடைய மகள் தொழில் செய்வதற்கு நானோ என் மகனோ எக்காலத்திலும் மறுப்புத் தெரிவிக்கமாட்டோம் என்று எழுதியிருந்தது. இருவருக்கும் கையெழுத்திட இடம் விட்டிருந்தது. திருத்த ஒன்றும் இல்லை. நான் எழுதிய எந்த உடன்படிக்கையை விடவும் தெளிவாக இருந்தது. படலைத் தூணில் வைத்து என் கையெழுத்தைப் போட்டேன். மகனுடையதை அவனிடம் வாங்கி அனுப்புவதாகச் சொன்னேன்.

அவர் கடுதாசியைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்துக்கொண்டார்.

"பெரிய உதவி மிஸ்," என்றார். "உங்களை மறக்கமாட்டம்."